யூரிக் அமில மாத்திரை சிறுநீரகத்தைக் காக்குமா?

சிறுநீரகத் தொடர் – 9

சென்ற வாரம் கிரியாட்டினின் பற்றிப் பார்த்தோம். ரத்தப் பரிசோதனைத் தாளில் அதற்குப் பக்கத்திலேயே இன்னோர் எண் உட்கார்ந்திருக்கும்: யூரிக் அமிலம். ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6 மில்லிகிராம் வரை சரி என்று பெரும்பாலான ஆய்வகங்கள் அச்சடித்திருக்கும். அதைத் தாண்டி 8, 9 என்று வந்துவிட்டால் எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் பயம் தொற்றிக்கொள்ளும். மறுநாளே பருப்பு நிற்கும், கீரை நிற்கும். மருந்துக் கடையில் ஒரு மாத்திரையும் கேட்டு வாங்கியாகிவிடும். யூரிக் அமிலத்தை இறக்கிவிட்டால் சிறுநீரகம் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை புதுச்சேரியில் நான் பார்க்கிற பல குடும்பங்களில் உண்டு. அந்த நம்பிக்கையைத்தான் இந்த வாரம் பரிசோதிக்கப் போகிறேன்.

முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் உடலின் செல்கள் ஓயாமல் அழிந்து புதிதாகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் மரபுப்பொருளில் உள்ள பியூரின் என்ற வேதிப்பொருள் உடைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. சாப்பாட்டில் வரும் பியூரின் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மீதி நம் உடம்பே உண்டாக்குவது. நாயும் பூனையும் யூரிகேஸ் என்ற நொதியைக் கொண்டு இதை மேலும் உடைத்து எளிதாகக் கரையும் பொருளாக்கி வெளியேற்றிவிடும். நம் மூதாதைக் குரங்கினங்கள் அந்த நொதியைச் சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டன. அதனால் மனிதருக்கு யூரிக் அமிலம் எப்போதுமே கரையும் எல்லைக்கு அருகில்தான் நிற்கிறது. ரத்தத்தில் 6.8-ஐத் தாண்டினால் படிகமாக உறையத் தயாராகிறது.

இப்போது முக்கியமான செய்தி. உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்தால் யூரிக் அமிலம் தானாகவே ஏறும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளும் ஏற்றும். ஆக, சிறுநீரகம் கெட்டவரின் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருப்பதைப் பார்த்ததும், அதுதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மழைக்காலத்தில் பெரிய வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தெருவில் தண்ணீர் நிற்கும். தெருத் தண்ணீரை வாளியால் மொண்டு கொட்டினால் வாய்க்கால் திறந்துவிடுமா?

ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை. மருத்துவ உலகமே இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. ஆயிரக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளில், தொடக்கத்தில் யூரிக் அமிலம் கூடியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரக நோய் அதிகம் வந்தது. எலிகளில் யூரிக் அமிலத்தை ஏற்றியபோது ரத்த அழுத்தம் கூடி, சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் தடித்தன. சிறிய பரிசோதனைகள் நம்பிக்கை தந்தன. அவற்றில் ஒன்று நம் நாட்டிலேயே, கொல்கத்தாவில் நடந்தது. மூன்றாம், நான்காம் நிலைச் சிறுநீரக நோயாளிகளுக்கு, யூரிக் அமிலத்தை இறக்கும் ஃபெபுக்ஸோஸ்டாட் மாத்திரையை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைவது தணிந்தது போலத் தெரிந்தது. 2015-ல் அது வெளிவந்தபோது பல மருத்துவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. ஆனால் நோயாளிகள் நூறு பேர்கூட இல்லை. காலமும் ஆறே மாதம்.

பிறகு பெரிய பரிசோதனைகள் வந்தன. ஜப்பானில் 400-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘ஃபெதர்’ ஆய்வு 2018-ல் வெளியானது: ஃபெபுக்ஸோஸ்டாட்டுக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை. 2020 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இரண்டு ஆய்வுகள் சேர்ந்தே வந்தன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 369 நோயாளிகளிடம் இரண்டு ஆண்டு நடந்த ‘சி.கே.டி.-ஃபிக்ஸ்’ ஒன்று. முதல் வகை நீரிழிவு உள்ள 530 பேரிடம் மூன்று ஆண்டு நடந்த ‘பெர்ல்’ மற்றொன்று. இரண்டிலும் கொடுத்த மருந்து அலோபியூரினால். இரண்டிலும் யூரிக் அமிலம் நன்றாக இறங்கியது. ‘பெர்ல்’ ஆய்வில் 6.1-லிருந்து 3.9-க்கே வந்துவிட்டது. சிறுநீரகமோ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் ஒரே வேகத்தில்தான் தளர்ந்தது. பிறவியிலேயே யூரிக் அமிலத்தைக் கூட்டும் மரபணுக்கள் உள்ளவர்களைத் தனியே பார்த்தபோதும், அவர்களுக்குச் சிறுநீரக நோய் கூடுதலாக வந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

எனவேதான் உலகச் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் ‘கே.டி.ஐ.ஜி.ஓ.’ வழிகாட்டி 2024-ல் இதற்கு ஒரு வழி சொன்னது. வேறு அறிகுறி எதுவும் இல்லாமல் யூரிக் அமிலம் மட்டும் கூடியிருந்தால், சிறுநீரக நோயின் வேகத்தைக் குறைப்பதற்காக அதை இறக்கும் மாத்திரை தர வேண்டாம் என்பது அதன் பரிந்துரை. எனக்கு இது மிக முக்கியமான வரி. தேவையில்லாத மாத்திரை வெறும் செலவோடு போவதில்லை. அலோபியூரினால் சிலருக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையைத் தரும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு எடுத்த எடுப்பில் பெரிய அளவில் கொடுத்தால் அந்த ஆபத்து கூடுகிறது. ஃபெபுக்ஸோஸ்டாட் பற்றியும், இதய நோய் உள்ளவர்களிடம் கவனம் தேவை என்று 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள். கௌட் எனப்படும் மூட்டு நோய் உள்ளவருக்கும், யூரிக் அமிலக் கல் உருவாகிறவருக்கும் அது உண்மையாகவே தேவை. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய அலோபியூரினால் 1966-ல் பயன்பாட்டுக்கு வந்தது. கால் பெருவிரல் நள்ளிரவில் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கும் நோயாளிகளுக்கு அது பெரிய விடுதலையாக அமைந்தது. பிற மருந்துகளுக்கும் சேர்த்து அவ்விருவரும் 1988-ல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு மருந்து விளைகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று சொல்லும் அதே கொடி, விதையில் கோல்சிசினைத் தருகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரத்தில் பயிராகும் அதன் விதை ஏற்றுமதியாகிறது. கௌட் வலிக்கு அது பழைய, நல்ல மருந்து. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைத்துத்தான் தர வேண்டும். கொடியையோ கிழங்கையோ நேரடியாக உண்பது கொடிய நஞ்சு.

கௌட் வலியோடு வருபவர்கள் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் வேறொரு வழியில். வலி தாங்காமல் டைக்ளோஃபினாக் மாத்திரையோ ஊசியோ நாள்கணக்கில் போட்டுக்கொள்கிறார்கள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அந்த வகை வலி நிவாரணிகள் குறைக்கின்றன. யூரிக் அமிலத்துக்குப் பயந்து பருப்பை ஒதுக்கும் வீட்டில், மேசை இழுப்பறையில் இந்த மாத்திரை அட்டை இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கசக்கிறது.

சாப்பாடு பற்றியும் சொல்லியாக வேண்டும். பருப்பிலும் கீரையிலும் இருக்கும் பியூரின் கௌட்டைத் தூண்டுவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. தூண்டுபவை ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்புகள், ஆட்டுக்கறி, நெத்திலி, மத்தி, கூடவே பீர். சர்க்கரை கரைத்த குளிர்பானமும் அந்தப் பட்டியலில் உண்டு. கடற்கரை ஊரில் மீனை விடு என்று யாரும் சொல்லவில்லை. கௌட் இருந்தால் நெத்திலியும் பீரும் ஒரே மேசைக்கு வர வேண்டாம்.

சிறுநீரகத்தைக் காக்க நிரூபணமான வழிகள் வேறு இருக்கின்றன. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பது, கசிந்தால் அதற்குரிய மாத்திரைகளைச் சாப்பிடுவது. டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்து, நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்பது 2020-ல் 4,304 பேரிடம் நடந்த ஆய்வில் தெளிவானது. காப்புரிமை முடிந்தபின் இங்கே அதன் விலையும் இறங்கிவிட்டது. அந்த மருந்து யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் இறக்கும். அதற்காக அதைக் கொடுப்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும், நம் பகுதியைப் பொறுத்தவரை ஒரு கேள்வி திறந்தே இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சியான ஜிப்மரில், ஸ்ரீஜித் பரமேஸ்வரனும் சக மருத்துவர்களும் தங்கள் சிறுநீரக நோயாளிகளை ஆராய்ந்து 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களிடம் வந்த நீண்டகாலச் சிறுநீரக நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு போன்ற வழக்கமான காரணம் எதுவும் தெரியவில்லை. பலர் வயலில் கூலி வேலை செய்பவர்கள். புதுச்சேரியும் அதைச் சுற்றிய தமிழ்நாட்டு மாவட்டங்களும் சேர்ந்த இந்தப் பரப்பின் பழம்பெயரை வைத்தே, நோயைத் ‘தொண்டைமண்டல நெப்ரோபதி’ என்று அழைத்தார்கள். ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் இதே போன்ற மர்ம நோய் இருப்பது நமக்குத் தெரியும்.

இந்த நோயில் யூரிக் அமிலத்துக்குப் பங்கு உண்டா என்பதே அந்தத் திறந்த கேள்வி. கடும் வெயிலில் உடல் வற்ற வற்ற உழைப்பவருக்குத் தசை சிதைந்து யூரிக் அமிலம் ஏறும்; சிறுநீர் அடர்ந்து அமிலத்தன்மை கூடும்; அதில் யூரிக் அமிலப் படிகங்கள் நாள்தோறும் உறைந்து நுண்குழாய்களைத் தேய்க்கலாம் என்று மத்திய அமெரிக்கக் கரும்புத் தொழிலாளர்களிடம் ஆய்வு செய்தவர்கள் கருதுகிறார்கள். பூச்சிக்கொல்லி, தண்ணீர், வலி மாத்திரை என்று வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. எதுவும் முடிவாகவில்லை. நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் நிழலும் குடிநீரும் வேலைக்கு நடுவே கட்டாய ஓய்வும் கொடுத்தபோது, அறுவடைக்காலத்தில் சிறுநீரகம் காயப்படுவது குறைந்தது. முண்டியம்பாக்கத்துக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் கரும்பு வெட்டிக் கொடுக்கும் நம் ஆட்களுக்கு, வெட்டுக் காலத்துக்கு முன்பும் பின்பும் ஒரு கிரியாட்டினின் பரிசோதனை, பகல் பன்னிரண்டுக்கு மேல் நிழலில் ஓய்வு, கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர் – இவற்றைக் கூலியில் பிடிக்காமல் ஆலைகளும் அரசும் தர வேண்டும். காரணம் முழுதாகத் தெரியும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

(அடுத்த வாரம்: வலி நிவாரணிகள்)