ஈரத்தோடு மடித்த கூடாரம்

பரணிலிருந்து இறக்கிய பையைத் திறந்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. கூடாரத்தின் மேல்விரிப்பு மடிப்போடு மடிப்பாக ஒட்டிக் கிடந்தது. பிரித்து இழுத்தால் சரசரவென்று சத்தம். உள்பக்கத்தைத் தொட்ட விரலில் பிசுபிசுப்பு. முந்தைய ஐப்பசியில் ஏற்காட்டில் இரண்டே இரவு போட்ட கூடாரம் அது. அடைமழையில் ஒரு சொட்டுகூட உள்ளே விடவில்லை. கிளம்பும் அவசரத்தில் ஈரத்தோடு சுருட்டி, சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுப் பரணில் ஏற்றியவன் நான்தான். பத்து மாதம் அங்கே கிடந்ததில் அது கெட்டுவிட்டது.

மேல்விரிப்பு நைலானோ பாலியெஸ்டரோ, எப்படியும் நெய்த துணிதான். இழைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சந்துகள் இருக்கும். அவற்றை அடைப்பது உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் படலம். கூடாரத்தின் சீட்டில் 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று போட்டிருப்பது இந்தப் படலத்தின் பலம்: அத்தனை உயரத்துக்கு நீர்த்தூண் நின்று அழுத்தினாலும் கசியாது என்று பொருள். தரைத்துணிக்கு இந்த எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். நாம் முழங்காலை ஊன்றும்போது விழும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு.

இந்தப் படலத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. இதன் மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருந்தால், நாள்பட்ட ஈரம் அவற்றை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். பள்ளி வேதியியலில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். அறுபடும்போது அமிலம் பிறக்கிறது. அந்த அமிலமே அடுத்த பிணைப்பை அறுக்கவும் துணைபோகிறது. வெப்பம் ஏற ஏற வேகம் கூடும். பங்குனி, சித்திரையில் சேலத்துக் கான்கிரீட் கூரையை ஒட்டிய பரண் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்து மாதக்கணக்கில் வேலை செய்தால் படலம் பிசினாகிவிடும். அதைப் பழையபடி ஆக்க வழியில்லை.

புதுக் கூடாரம் வந்ததும் முதலில் மொட்டை மாடியில் போட்டுப் பார்த்தேன். மலையில் இருட்டும் நேரத்தில் கற்றுக்கொள்ளக் கூடாத வேலை இது. கம்பிகளைத் துணிக்குழாய்க்குள் தள்ளித்தான் நுழைக்க வேண்டும். எதிர்முனையில் பிடித்து இழுத்தால் உள்ளே ஓடும் மீள்கயிறு நீண்டு, துண்டுகள் குழாய்க்குள்ளேயே கழன்றுவிடும். இரண்டு கம்பிகளும் குறுக்கே போய், நுனிகள் நான்கு மூலை வளையங்களில் உட்கார்ந்ததும் கூடாரம் தானாக எழுந்து நின்றது. துணி காயப்போட வந்த அம்மா பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, பஞ்சாரத்தைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். பஞ்சாரத்தின் மூங்கில் பிளாச்சும், கூண்டு வண்டியின் வளைந்த கூரையும், இந்தக் கூடாரமும் ஒரே தத்துவத்தில் நிற்பவை. வளைத்த கம்பி நிமிரப் பார்க்கிறது, துணி அதை விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறியே அதன் உறுதி. நடுவில் கம்பம் வேண்டாம். கம்பிகளைப் பல இடங்களில் குறுக்கிட வைத்து முக்கோணங்களாகப் பிரித்தால் பலம் இன்னும் ஏறும். பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954-ல் காப்புரிமை பெற்ற கோளக்கூரையின் கணக்கு அது. அதைத் துணிக்கும் கம்பிக்கும் கொண்டுவந்த கூடாரத்தை அமெரிக்காவின் தி நார்த் ஃபேஸ் நிறுவனம் 1975-ல் விற்பனைக்கு விட்டது.

முளை இல்லாமலே நிற்கிறதே என்று மலையிலும் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஆள் இல்லாத கூடாரத்தைக் காற்று பந்துபோல உருட்டிக்கொண்டு போகும். மாடியில் நான்கு மூலையிலும் தண்ணீர் கேன் வைத்தேன். மண்ணில் முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. மண் மெலிந்த இடங்களில் அரைச் சாண் இறங்கியதுமே முளை முட்டிக்கொள்ளும். அங்கே கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டுவதுதான் வழி.

மழையே இல்லாத இரவிலும் கூடாரம் நனையும். "புது டென்ட்டே ஒழுகுது" என்று பலர் குறைப்படுவது இதைத்தான். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, ஏறக்குறைய 1500 மீட்டர். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் கணக்கில் அங்கே எட்டு டிகிரி குளிர் கூடுதல். தூங்கும் ஒருவர் மூச்சு, தோல் வழியாக ஓர் இரவில் கால் லிட்டர் அளவுக்கு நீராவி விடுகிறார். ஒரு கனமீட்டர் காற்று 25 டிகிரியில் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த மேல்விரிப்பின் உள்பக்கத்தில் முத்து முத்தாகப் பூக்கும். காற்றுத் திறப்புகளைக் குளிருக்குப் பயந்து மூடினால் விடியலில் போர்வை நனைந்திருக்கும். மேல்விரிப்பு உள்கூடாரத்தில் ஒட்டாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டி, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட விட வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்தில் அவர் அனுமதியோடு தங்கியபோது கவனித்தேன்: வெட்டவெளிக் கூடாரம் பனியில் சொட்டியது, மரங்களை ஒட்டியது அவ்வளவு நனையவில்லை. வெட்டவெளித் துணி தன் சூட்டை நேரே வானத்துக்கு இழக்கிறது. இலைக்கூரை அதைத் தடுக்கிறது. ஆனால் சில்வர் ஓக் கிளைகள் காற்றுக்கு முறியும், நேர் அடியில் படுக்க வேண்டாம்.

குளிர் என்று அடுப்பையோ கரியையோ உள்ளே கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் எழ மாட்டார்.

இப்போதெல்லாம் ஊர் திரும்பியதும் முதல் வேலை கூடாரம்தான். உதறி மண்ணைப் போக்கி, அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான சோப்பும் தொட்டுத் துடைத்து, மாடிக் கொடியில் போடுகிறேன். உச்சி வெயிலில் போடுவதில்லை. புற ஊதாக் கதிர் நைலான் இழைகளை நைந்துபோகச் செய்யும். தண்ணீர்த்தொட்டி நிழலில் காற்று போதும். தையல் மடிப்பும் மூலைகளும்தான் கடைசியில் காயும் இடங்கள், அங்கே விரலை வைத்துப் பார்க்கிறேன். கம்பியை நடுத்துண்டிலிருந்து இரு பக்கமும் மடக்கினால் மீள்கயிறு சீராகத் தளரும். இறுக்கிச் சுருட்டாமல் பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகத் திணித்து, படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டில் வைக்கிறேன். பரணில் இப்போது பித்தளைப் பாத்திரங்கள் மட்டும் இருக்கின்றன.