ஒரு வாட் போதும்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர் அடுத்ததாக ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகும்போது கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வாட்?" என்பதுதான். எண் பெரிதானால் சத்தமும் பெரிதாகும், நாளைக்கு மேடை ஏறும்போது கைகொடுக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் மனிதக் காது வாட் கணக்கில் கேட்பதில்லை. அது கேட்கிற விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், 100 வாட் ஆம்ப் வைத்திருப்பவரால் வீட்டில் ஒரு வாட்டைக்கூட முழுதாகச் செலவழிக்க முடியாமல் போவது ஏன் என்று புரிந்துவிடும்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். கிட்டாரின் பிக்கப்பில் இருப்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மிக மெல்லிய செப்புக் கம்பியும். எஃகுத் தந்தி அதிர்ந்தால் அங்குள்ள காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. கிடைப்பது ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. மறுமுனையில் இருக்கும் ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்த்தால் அங்கும் ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள். இங்கே மின்சாரம் பாய்ந்து சுருளை அசைக்கிறது, சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றைத் தள்ளுகிறது. ஒரு முனையில் அசைவு மின்சாரமாகிறது, மறுமுனையில் மின்சாரம் அசைவாகிறது. நடுவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் வேலை, அந்தச் சின்னத் துடிப்பை வடிவம் மாறாமல் பெரிதாக்குவது. வடிவம் மாறாமல் என்பது பாடப்புத்தக விதி. எலக்ட்ரிக் கிட்டாரின் பெருமையெல்லாம் அந்த விதி மீறப்பட்டதால் வந்தது. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

காதின் கணக்கு இப்படி. நமக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலிக்கும், வலிக்கத் தொடங்கும் ஒலிக்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாடு ஒரு லட்சம் கோடி மடங்கு. இவ்வளவு பெரிய வீச்சை ஒரே உறுப்பு தாங்க வேண்டுமானால், அது கூட்டலாகக் கேட்க முடியாது, மடங்காகத்தான் கேட்க வேண்டும். ஒரு நாதஸ்வரத்தோடு இன்னொன்று சேர்ந்தால் சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்றுவதில்லை, கொஞ்சம் கூடியதாகத்தான் தோன்றும். இரட்டிப்பாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து நாதஸ்வரம் வேண்டும். டெசிபல் கணக்கில் சொன்னால், ஆற்றல் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். ஆக, மற்றவையெல்லாம் ஒன்றாக இருந்தால், 100 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்ப்பைவிட 3 டெசிபல்தான் அதிகம். பத்து வாட் ஆம்ப்பைவிட இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவே.

இதோடு ஸ்பீக்கரையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தொலைவில் 97 முதல் 100 டெசிபல் வரை ஒலி எழும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். பத்து பத்தாகக் கீழே இறங்கினால், ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குக்குச் சுமார் 78 டெசிபல் வருகிறது, ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சுமார் 68. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவில் இரவில் வாசிப்பவர், பெட்டியின் மேல் எந்த எண் எழுதியிருந்தாலும், உண்மையில் ஒரு வாட்டின் சிறு துணுக்கைத்தான் பயன்படுத்துகிறார். எனக்கு இந்தக் கணக்கு எப்போதும் வியப்புத் தருவது. டார்ச் விளக்கின் குட்டி பல்பு எரியக்கூடப் போதாத மின்சாரத்தில் ஒரு வீடு முழுக்க இசை கேட்கிறது.

இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் 3 டெசிபல் வேறுபாடு சாதாரணம். ஆகவே ஸ்பீக்கரை மட்டும் மாற்றினாலே வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் கிடைத்துவிடும். கடையில் வாட்டைக் கேட்பவர்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் தரும் என்றும் கட்டாயம் கேட்க வேண்டும்.

இனி அந்த விதிமீறல். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மூன்று மின்முனை வால்விலிருந்து பிறந்தவைதான் பழைய ரேடியோக்களும் பழைய கிட்டார் ஆம்ப்களும். கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்திய லியோ ஃபெண்டர், அந்தத் தொழில்நுட்பத்தை வைத்தே ஆம்ப் செய்தார். அவர் விரும்பியது சுத்தமான ஒலியை. ஆனால் கூட்டமும் டிரம்ஸும் நிறைந்த இடங்களில் வாசித்தவர்கள் குமிழைக் கடைசிவரை திருப்பினார்கள். வால்வு தன் எல்லையைத் தொட்டதும் அலையின் உச்சி மழுங்கத் தொடங்கும். மழுங்கிய அலையில், தந்தி தராத புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு, மூன்று மடங்கு என்று அவை அடுக்கடுக்காக வரும். உச்சி வெட்டுப்படுவதால் பலமாக மீட்டிய சுரமும் மெல்ல மீட்டிய சுரமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. சட்டென்று அடங்க வேண்டிய சுரம் நீண்டு ஒலிக்கிறது. பொறியாளர்கள் குறை என்று சொன்னதை இசைக்கலைஞர்கள் குரலாக்கிக்கொண்டார்கள். டிஸ்டார்ஷன் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ஒரு சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறியே அந்த முரட்டு ஒலியைப் பெற்றார்.

லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்பை மாதிரியாக வைத்து 1962-இல் தன் முதல் ஆம்ப்பை உருவாக்கினார். ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்கக் கேட்க, 1965-இல் 100 வாட் ஆம்ப்பும், நான்கு ஸ்பீக்கர் கொண்ட பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய அடுக்கும் வந்தன. அதற்கு அன்று காரணம் இருந்தது. மேடையில் மைக் பாடகருக்குத்தான். கிட்டார் ஒலி கூட்டத்தைச் சென்றடைய ஆம்ப் ஒன்றே வழி. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,000-க்கு மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் வாசித்தபோது, வாக்ஸ் நிறுவனம் தனியாகச் செய்துகொடுத்த 100 வாட் ஆம்ப்கள் மேடையில் இருந்தன. ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசித்தது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

இன்று அந்தக் காரணம் இல்லை. மேடை ஆம்ப்பின் முன் ஒரு மைக் வைக்கிறார்கள், கூட்டத்துக்கு ஒலியைக் கொண்டுசேர்ப்பது அரங்கின் ஒலிபெருக்கி அமைப்பு. ஆம்ப்பின் ஒலி சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மைக்கையும், பக்கத்தில் நிற்கும் நான்கைந்து பேரையும் அடைந்தால் போதும். அதனால் பெரிய மேடைக்குப் பெரிய ஆம்ப் என்பது பழைய சூத்திரம். உண்மையில் ஆம்ப்பிடம் அதிக உழைப்பு கேட்கும் இடம் ஒத்திகை அறை. அங்கே சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பவர் டிரம்ஸ் வாசிப்பவர். பலமாக அடித்தால் டிரம்ஸ் 100 டெசிபலைத் தாண்டும், அதற்கு மைக் தேவையில்லை. பெரும்பாலும் கிட்டாருக்கு அங்கே மைக் இருக்காது. கல்லூரிக் குழுவானாலும் தேவாலயத்தில் வாசிக்கும் குழுவானாலும், டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க 12 அங்குல ஸ்பீக்கரோடு 15 அல்லது 20 வாட் வால்வு ஆம்ப் போதும். டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் 50 வாட் அளவுக்குப் பாருங்கள்.

வால்வு வாட்டுக்கு வலிமை அதிகம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாட்டில் சாதி இல்லை. வால்வு தன் எல்லையைத் தாண்டினாலும் காதுக்கு இனிக்கிறது, ஆகவே அதைத் தாண்டவிட்டு வாசிக்கிறோம். டிரான்சிஸ்டர் எல்லையைத் தொட்டதும் அலையின் உச்சி பட்டென்று வெட்டுப்பட்டுக் கரகரக்கும், ஆகவே அதை எல்லைக்கு நன்றாகக் கீழே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறுபாடு அங்கேதான். சுத்தமான ஒலி வேண்டுபவர்களுக்கும் இதே விதி பொருந்தும். மீட்டும் கணத்தில் எழும் முனை, சராசரி ஒலியைப் போலப் பல மடங்கு ஆற்றல் கேட்கும். அதற்கு இடம் விட்டு வைக்க வாட் தேவை. 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120, டிரான்சிஸ்டரில் 120 வாட்டும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கரும் வைத்துச் சுத்தமான ஒலிக்கென்றே பெயர் பெற்றது. நம் யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கமகங்களை வாசித்துக் காட்டியதை நினைத்துப் பாருங்கள். அப்படி வாசிக்க விரும்புகிறவருக்கு உச்சி மழுங்காத ஒலிதான் வேண்டும், அவர் வாட்டைக் கொஞ்சம் தாராளமாக எடுக்கலாம்.

வீட்டில் இருப்பது வேறு சிக்கல். வால்வு இனிப்பது அதைத் திணறவிடும்போது, திணறவிட்டால் தெருவே கேட்கும். 5 வாட் வால்வு ஆம்ப்கூட அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அதிகம். இந்த முடிச்சை அவிழ்த்தது கணினி. வால்வு அலையை எப்படி மழுக்குகிறது என்பதைக் கணக்காக எழுதி, சில்லு ஒன்றில் ஓட்டி, எந்தச் சத்த அளவிலும் அதே குணத்தைத் தருகின்றன இன்றைய மாடலிங் ஆம்ப்கள். லைன் 6 நிறுவனம் 1990-களில் இதைப் பரவலாக்கியது. பாஸ் கட்டானா போன்றவற்றில் ஆற்றலை அரை வாட்டுக்குக் குறைக்கும் வசதியும் உண்டு. வீட்டில் பயிற்சி செய்பவருக்கு, ஹெட்ஃபோன் வசதியுள்ள ஒரு மாடலிங் ஆம்ப்பைத் தயக்கமில்லாமல் பரிந்துரைப்பேன். வால்வுதான் உண்மை, மற்றதெல்லாம் போலி என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வீட்டில் சரிசெய்த ஒலியை அப்படியே மேடைக்குக் கொண்டு போகாதீர்கள். 1933-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இது: சத்தம் குறையும்போது காது தாழ்ந்த சுரங்களை மிகுதியாகத் தவறவிடுகிறது. வீட்டில் அந்தக் குறையை நிரப்ப பேஸ் குமிழைத் திருப்பியிருப்போம். மேடைச் சத்தத்தில் காதே அதைக் கேட்டுவிடும், ஒலி கும்மென்று குழம்பிப் போகும். மேடை அளவுக்கு ஏற்றியபின் குமிழ்களைத் தொடுவதே சரி.

ஆம்ப் வைக்கும் கோணமும் முக்கியம். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர், 12 அங்குல ஸ்பீக்கரோ 30 சென்டிமீட்டர் அகலம். அலைநீளத்தைவிட அகலமான ஸ்பீக்கர் உயர்ந்த சுரங்களை நேர்கோட்டில் பாய்ச்சும். தரையில் ஆம்ப்பை வைத்துப் பக்கத்தில் நிற்பவருக்கு மங்கிய ஒலி கேட்கும். அவர் டிரெபிளைக் கூட்டுவார், எதிரே உட்கார்ந்திருப்பவரின் காதில் ஊசி குத்தும். ஆம்ப்பை நாற்காலிமேல் வையுங்கள், அல்லது முகம் பார்க்கச் சாய்த்து வையுங்கள். காசு செலவில்லாத மேம்பாடு இது.

அமெரிக்காவிலிருந்து ஆம்ப் வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டக் கூடாது, அதன் டிரான்ஸ்ஃபார்மர் பாழாகும். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம், அது உயிரைப் பறிக்கக்கூடியது. பழகாத கையால் திறக்காதீர்கள்.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். உட்காதின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இன்னும் சத்தம் என்று கேட்ட டவுன்ஷெண்டே கேட்கும் திறன் பாதிக்கப்பட்டு, பின்னாளில் மற்ற இசைக்கலைஞர்களை எச்சரித்தவர். ஒத்திகைக்குப் போகும்போது காதடைப்பானையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் கிட்டாரையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் எந்தச் சத்தத்தில் வாசிப்பீர்களோ அந்த அளவில் வைத்து முதலில் கேளுங்கள். அங்கே ஒலி பிடிக்கவில்லை என்றால் அது எத்தனை வாட்டாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.