முதலில் மல்லாந்து மிதக்கட்டும்

குறிகாட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்தோம். தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடித்தபடி பக்கத்திலிருந்த தம்பி கேட்டார்: "அண்ணை, எங்களை அப்பா தூக்கிக் கடலுக்குள்ள போட்டுத்தானே நீந்தப் பழக்கினவர். இப்ப என்னத்துக்குப் பயிற்சி, வகுப்பு எண்டு சொல்லினம்?" எட்டு வயது மகள் அவர் மடியில் சாய்ந்திருந்தாள்.

தூக்கிப் போட்டது அந்தப் படிப்பில் சிறு பகுதிதான். மிச்சத்தைத் தகப்பனோடு கரையில் திரிந்தே பிள்ளை படித்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தீவின் தென்மேற்குக் கரை கொந்தளிக்கும், யாரும் இறங்கமாட்டார்கள். வடகிழக்குக் கரையோ குளம்போலக் கிடக்கும். பயப்பட வேண்டியது அங்கேதான். காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளுகிறது. வெற்றுக் கானைப் பிடித்து விளையாடும் பிள்ளை தன்னை அறியாமலே ஆழத்துக்குப் போய்விடும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் இந்தக் கணக்கு அப்படியே மாறும். இதை எந்த நீச்சல் தடாகமும் சொல்லித் தராது.

1990க்குப் பிறகு வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தப் படிப்பு அறுந்துபோனது. கடலைப் பாராமல் வளர்ந்தவர்கள் இன்று தாய் தகப்பன்மார். இன்னொன்றும் உண்டு: பெண்பிள்ளைகளை அந்தக் காலத்திலும் அநேகமாக யாரும் கடலில் பழக்கவில்லை. 2004 ஆழிப்பேரலையில் இலங்கையில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்ததற்கு நீந்தத் தெரியாததும் ஒரு காரணம்.

இப்போதைய வகுப்புகளின் புதிய முறை வரிசையையே மாற்றுகிறது: முதலில் மிதப்பு, பிறகுதான் நீச்சல். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வங்காளதேசக் கிராமங்களில் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டிப் பழக்குகிறார்கள். 30 விநாடி மிதக்க வேண்டும், 25 மீட்டர் நீந்த வேண்டும், வேகம் பொருட்டல்ல. மூச்சை நிரப்பி மல்லாந்தால் உடம்பு மிதக்கும் என்று நம்பும் பிள்ளை பதறாது. பதற்றம்தான் மூச்சைத் தின்னும்.

மற்றவரைக் காப்பாற்றும் பாடம் எனக்கு இதைவிடப் பெரிது. தாழுகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்செடுக்கவே வாய் போதாது. கிட்டப் போகிறவரின் தோளில் ஏறி அவரையும் அமுக்கிவிடுவார். அதனால் பிள்ளை குதிக்கக் கூடாது. பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். கயிறோ மூடிய வெற்றுக் கானோ எறிய வேண்டும். கரையில் குப்புறப் படுத்துப் பனைமட்டையை நீட்ட வேண்டும். கூட்டாளி தாழும்போது தான் குதிக்காமல் நிற்பது எட்டு வயதில் லேசான காரியமில்லை. அதனால்தான் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, திரும்பத் திரும்பச் செய்வித்துப் பழக்க வேண்டும்.

வகுப்பைக் கடற்கரையிலேயே வைக்க வேண்டும், ஆசிரியருக்குப் பக்கத்தில் காற்றறிந்த கடற்றொழிலாளி ஒருவரும் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

படகு வந்தது. மகளுக்குத் தந்த உயிர்காப்பு அங்கி பெரியவர்களுக்கானது. அதைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன், காதுவரை ஏறியது. தண்ணீரிலும் இப்படித்தான் கழன்றுபோகும் என்றேன். தம்பி அதைக் கழற்றிவிட்டு, சின்ன அளவு இருக்கிறதா என்று கேட்கப் போனார்.