வழுக்கையாற்றங்கரையில் சைக்கிள்: திராட்சைப் பந்தலில் இருந்து கோட்டை வரை

கிருலப்பனையில் எங்கள் வீட்டில் இருந்து கால்வாய்க்கரை ஐந்து நிமிட நடை. ஒரு மாலை அங்கே நின்றபோதுதான் ஜேர்மனியில் இருக்கும் சித்தப்பாவின் மகன் அனுப்பிய காணொளி வட்ஸ்அப்பில் வந்தது. ரைன் நதியோரம் அவன் சைக்கிள் ஓடுகிறான். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். மேலே பழைய கோட்டைகள். சக்கரத்துக்குக் கீழே சரளைக்கல் நெரியும் சத்தம். கடைசியில் அவனுடைய குரல்: "அக்கா, எங்கட ஊரில இப்பிடி ஒரு இடம் இருந்திருந்தா எப்பிடி இருக்கும்?"

அவன் பிறந்து வளர்ந்தது ஜேர்மனியில். ஊர் என்பது அவனுக்குச் சித்தப்பா சொன்ன கதைகள் மட்டும்தான். "இருக்கு. ஓடிப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று பதில் போட்டேன். அடுத்த ஜனவரியில் சண்டிலிப்பாய்க்குப் போனேன்.

கிரவல் சைக்கிளோட்டம் என்றால் என்ன?

தார் போடாத பாதைகளில் நீண்ட தூரம் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட சைக்கிள்கள் இன்று மேற்கு நாடுகளில் பெருமளவில் விற்பனையாகின்றன. பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த கைபிடி, ஆனால் 40 மில்லிமீற்றர் அளவில் அகலமான டயர், அதில் குறைந்த காற்றழுத்தம், மேட்டில் ஏறுவதற்கு இலகுவான கியர். அழுத்தம் குறைந்தால் டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதைத் தழுவிக்கொண்டு போகும். கைக்கும் முதுகுக்கும் அதிர்வு குறையும். சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் இதற்கான முதலாவது உலகச் சம்பியன் போட்டியை 2022இல் இத்தாலியின் வெனெற்றோ மாகாணத்தில் நடத்தியது.

இதற்கு முன்னோடியான கதையும் இத்தாலியில்தான் உண்டு. திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன கியாந்திப் பகுதியில் வெண்ணிறச் சரளைப் பாதைகள் ஒவ்வொன்றாகத் தாரின் கீழ் மறைந்துகொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று 1997இல் 92 பேர் பழைய சைக்கிள்களில் அந்தப் பாதைகளில் ஓடினார்கள். 'லெரோயிக்கா' என்ற அந்த ஓட்டத்தில் இப்போது ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கிறார்கள். அந்தப் பாதைகளும் தப்பின.

எங்களுக்குக் கிரவல் புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போன பிறகு யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் இயங்கியது. நோயாளி, விறகு, மண்ணெண்ணெய், சவப்பெட்டி எல்லாம் சைக்கிளில் போயின. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது, அப்பா கரியரில் அம்மம்மாவை இருத்தி, கைபிடியில் இரண்டு பைகளைத் தொங்கவிட்டு, நாவற்குழிப் பாலம் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். எனக்கு அப்போது எட்டு வயது. நான் சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அந்தச் சைக்கிள் பிறகு கிளிநொச்சியில் கைவிடப்பட்டது.

அது பழைய 28 அங்குலச் சைக்கிள். அதன் ஒன்றரை அங்குல டயரின் அகலம் ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் என்பதைக் கொழும்பில் ஒரு கடையில் நின்றபோதுதான் கணக்குப் பார்த்தேன். இன்று பல இலட்சம் ரூபாய்க்கு விற்கும் கிரவல் சைக்கிளின் அதே அளவு. 2022 எரிபொருள் நெருக்கடியில் வேலைக்குப் போவதற்கென்று நான் வாங்கியது ஒரு சாதாரண பாவித்த சைக்கிள். அதைத்தான் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோனேன்.

ஆறு இல்லாத நாட்டின் ஆறு

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை என்பதே சரி. மழைக்காலத்தில் ஓடும் ஒன்று உண்டு. வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை என்று குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு போய் அராலியில் கடல்நீரேரியைச் சேர்கிறது. நீளம் ஏறக்குறைய 15 கிலோமீற்றர்.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகள் வழியே கீழே இறங்கி, உப்புநீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. எங்கள் கிணறுகள் அள்ளுவது அந்தப் படையைத்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். வழுக்கையாறும் அதன் குளங்களும் மழைநீரை மறித்து, நிலத்துக்குள் இறங்க அவகாசம் கொடுக்கின்றன. அராலியில் உள்ள தடுப்பணை கடல்நீர் உள்ளே வராமல் காக்கிறது.

நான் தெல்லிப்பழையில் இருந்து புறப்பட்டேன். மாமா தன்னுடைய பழைய சைக்கிளில் கூட வந்தார். ஆற்றங்கரை முழுவதும் ஒரே பாதையாக இல்லை. சில இடத்தில் கிரவல் போட்ட அணைக்கட்டு, சில இடத்தில் வயல்வரம்பு, சில இடத்தில் ஊர் ஒழுங்கைக்கு ஏறிச் சுற்றி வர வேண்டும்.

ஆற்றின் மேற்பகுதி செம்மண். வலிகாமத்தில் திராட்சை வளர்வது இந்த மண்ணில்தான். ரைன் பள்ளத்தாக்கில் கொடி சரிவில் நிரை நிரையாக நிற்கும். இங்கே தட்டை நிலத்தில், தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில், தலைக்கு மேலே படரும். 'இஸ்ரேல் நீலம்' என்ற கறுப்பு இனமே இங்கே அதிகம். அங்கே குளிர்காலம் கொடியை உறங்க வைக்கிறது. இங்கே குளிர்காலம் இல்லாததால் தோட்டக்காரர் கத்தரித்து விட்டுத்தான் அதைத் துளிர்க்க வைக்கிறார். வெட்டியதில் இருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வரும். இடையில் பெருமழை வந்தால் பூஞ்சண நோய் பிடித்துக் குலை அழியும்.

வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் இடம்பெயர்ந்த பிறகு எத்தனையோ தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. திராட்சைக்குப் பந்தல் வேண்டும், கிணறு வேண்டும், ஆண்டுக்கணக்கான பராமரிப்பு வேண்டும். வெங்காயத்தைப் போல அடுத்த போகத்தில் திரும்பத் தொடங்க முடியாது. விடுவிக்கப்பட்ட காணியில் திராட்சை நடுகிற ஒருவர் இனி எழும்பிப் போக மாட்டோம் என்று நம்புகிறார். தெருவோரம் கண்ட ஒரு புதிய பந்தலை நான் அப்படித்தான் பார்த்தேன்.

கந்தரோடையில் இறங்கி நின்றோம். பெருங்கற்காலத்தில் இருந்து மக்கள் வாழ்ந்த இடம் இது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் இங்கே அகழ்ந்தார்கள். பழைய குடியிருப்பு ஏன் இங்கே அமைந்தது என்று யோசிக்கத் தேவையில்லை. பக்கத்தில் வயல், குளம், ஆறு எல்லாம் இருக்கின்றன.

சண்டிலிப்பாய்க்கு அருகே மாமா ஒரு மதகில் சைக்கிளைச் சாத்தினார். "பிள்ளை, நீ ரோட்டைப் பாக்கிறாய். இதைப் பார்" என்றார். மதகின் வாய் பிளாஸ்ரிக் பைகளாலும் கட்டட இடிபாடுகளாலும் பாதி மூடியிருந்தது. "மழைக்கு வெள்ளம் வீட்டுக்குள்ள வருது எண்டு சனம் பேசுது. தண்ணி போற வழியில மண் போட்டு நிரவினா அது வேற எங்க போகும்? கோடையில கிணறு உவர்க்குது எண்டும் பேசுது. இரண்டும் ஒரே கதைதான்."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. ரைனில் ஆறு கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது. எங்கள் ஆற்றின் பெரும் பகுதி சக்கரத்துக்குக் கீழே, கல்லுக்குள் ஓடுகிறது. திராட்சைப் பந்தலுக்கு இறைக்கும் தண்ணீரும் அம்மம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் அதுதான். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. மேலே ஊற்றியது ஊர்க் கிணறுகளுக்குப் போய்ச் சேரும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நவாலியில் இருந்து கோட்டை வரை

நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்துக்கு முன் இருவரும் பேசாமல் நின்றோம். 1995 யூலை 9, 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கைக்குத் தப்பி வந்து இங்கே தங்கியிருந்தவர்கள் மீது விமானக் குண்டு வீசப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று நாங்கள் மானிப்பாயில் இருந்தோம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நினைவுத்தூபிக்கு அருகே சைக்கிளை உருட்டித்தான் போனோம்.

அராலிப் பாலத்தில் காற்று எதிரே வந்தது. அங்கிருந்து கல்லுண்டாய் வெளி, காக்கைதீவு, நாவாந்துறை வழியாக யாழ்ப்பாணக் கோட்டை ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். இந்தப் பகுதி தார் வீதி. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை, 1658இல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் திருப்பிக் கட்டினார்கள். 1990 முற்றுகையிலும் அதன் பின்னும் அது சிதைந்தது. உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் இடிந்துபோனது. போருக்குப் பிறகு நெதர்லாந்தின் உதவியுடன் மதில்களைத் திருத்தினார்கள்.

ரைன் கரைக் கோட்டைகளும் போரைக் காணாதவை அல்ல. பகராக் ஊருக்கு மேலே உள்ள ஸ்டாலெக் கோட்டையை 1689இல் பிரெஞ்சுப் படை தகர்த்தது. இருபதாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டப்பட்டு, இன்று அது இளைஞர் விடுதியாக இருக்கிறது. 65 கிலோமீற்றர் நீளமான அந்தப் பள்ளத்தாக்கை 2002இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. ஆறும் தோட்டமும் கோட்டையும் தனித்தனியாக அல்ல, ஒன்றாகவே காக்கப்படுகின்றன. எங்களிடம் கோட்டைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆற்றின் மதகுக்கு இல்லை.

எல்லா ஒழுங்கையும் கிரவலாகவே இருக்கட்டும் என்று கொழும்பில் இருந்துகொண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை. மழையில் நோயாளியைக் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் ரோட்டின் அருமை தெரியும். ஆனால் ஆற்றின் அணைக்கட்டையும் குளக்கரையையும் நிரவாமல், மதகை அடைக்காமல் விடலாம். ஆட்கள் போய்வந்து பார்க்கிற கரையில் குப்பை கொட்டுவது கொஞ்சம் கடினம். கியாந்தியில் 92 பேர் செய்ததும் அதுதான்.

ஓட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாரி முடிந்த ஜனவரி, பெப்ரவரி நல்ல காலம். ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயல் அறுவடைக்கு நிற்கும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் கோட்டைக்கு வந்துவிடலாம். புதிய சைக்கிள் தேவையில்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், பஞ்சர் ஒட்டும் சாமான் கொண்டுபோங்கள். வயல்வரம்பில் இறங்கும் முன் தோட்டக்காரரிடம் கேளுங்கள். வலிகாமம் வடக்கில் புதிதாக விடுவிக்கப்பட்ட பகுதிகளில் ஆட்கள் புழங்கும் பாதையை விட்டு விலக வேண்டாம். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டவே வேண்டாம்.

அன்று இரவு தம்பிக்கு மூன்று காணொளிகள் அனுப்பினேன். பந்தல், மதகு, கோட்டை. நவாலியை அனுப்பவில்லை, அதை அவன் வரும்போது நேரில் காட்ட வேண்டும். சிறிது நேரத்தில் பதில் வந்தது. "அக்கா, அடுத்த மாரிக்கு வாறன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாறன். அவருக்குச் சைக்கிள் கிடைக்குமோ?"

மாமாவிடம் கேட்டேன். கொட்டிலுக்குள் இன்னொரு 28 அங்குலச் சைக்கிள் இருக்கிறதாம். ரியூப் மட்டும் மாற்ற வேண்டும்.