முழங்கால் ஆழக் கடல்

காருக்குப் பின்னால் டிரெய்லரில் பாய்மரப் படகை ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அந்தப் பொம்மையை வைத்துக் கடலில் என்னதான் செய்வார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பொம்மை என்றதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

டிராஸ்கோம் லகர் என்று ஒரு படகு. கடற்படையில் இருந்த ஜான் வாட்கின்சன் 1960களில் இங்கிலாந்தில் வடிவமைத்தது. நீளம் 5.7 மீட்டர்; மேலே கூரை கிடையாது. வெப் சைல்ஸ் என்ற அமெரிக்கர் 1978-ல் இதில் தன்னந்தனியாக சான் டியாகோவிலிருந்து கிளம்பிப் பசிபிக்கையே தாண்டினார். அது அவர் துணிச்சல். படகைச் செய்தது அதற்காக அல்ல. கழிமுகம், தீவுகளுக்கு நடுவே ஓடை என்று அலை அடங்கிய நீரில் இரண்டு மூன்று நாள் சுற்றி வரவும், இரவில் அதன் மேலேயே துணிக் கூடாரம் கட்டிப் படுக்கவும்தான்.

நடுவில் உள்ள இரும்புத் தகட்டை இறக்கினால் படகுக்கு 1.2 மீட்டர் ஆழம் வேண்டும். காற்று பக்கவாட்டில் தள்ளாமல் பிடித்துக்கொள்வது அதுதான். தூக்கிவிட்டால் 25 செ.மீ. தண்ணீர் போதும். பெரிய படகுகள் எட்டிப் பார்க்காத இடமெல்லாம் இதற்கு வழி.

எஸ்ஸெக்ஸ் கரையில் ஹாம்ஃபோர்டு வாட்டர் அப்படி ஓர் இடம். ஆர்தர் ரான்சம் 1939-ல் எழுதிய 'சீக்ரெட் வாட்டர்' நாவலின் களம். அங்குள்ள சேற்றில் புரண்டு புரண்டு கடல்நாய்களுக்குத் தலையெல்லாம் செங்காவி ஏறியிருக்கும். சென்னையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். ஹாம்ஃபோர்டு வாட்டரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டரை நெருங்கும்.

வற்றிய நீர் முழுதாகப் பெருக ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரே சீராக ஏறும் என்று நம்பினால் மோசம் போவோம். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்குங்கள்: முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. எங்கள் ஊர்த் தேரும் இப்படித்தான்; நிலையை விட்டுக் கிளம்ப முக்கும், நடுவீதியில் ஓட்டமெடுக்கும், நிலைக்குத் திரும்புகையில் அங்குலம் அங்குலமாக நகரும். ஆக நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் வந்து சேர்ந்துவிடுகிறது. ஹாம்ஃபோர்டு வாட்டரில் ஹார்ஸி தீவுக்கு 'வேட்' என்றொரு பாதை. வற்றத்தில் நடந்தே போகலாம். கணுக்கால்கூட நனையவில்லையே என்று நடப்பவரை மூன்றாம் மணி வந்து பிடித்துக்கொள்ளும். நாவலில் சிறுபிள்ளைகள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

கணக்கு தெரிந்தவருக்கு அதே ஓதம் படுக்கை போட்டுத் தரும். நீர் இறங்கும்போது ஓர் ஓடைக்குள் நங்கூரமிட்டுத் தகட்டைத் தூக்கினால், படகு சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிடும். ஆட்டமில்லாமல் சமைக்கலாம், தூங்கலாம். சரளைத் தரை மட்டும் ஆகாது: தகடு ஏறி இறங்கும் பெட்டிக்குள் கல் செருகிக்கொண்டால் மறுநாள் தகடு இறங்காது. பௌர்ணமி ஓதத்தின் உச்சியில் தரைதட்டவும் கூடாது. அதன்பின் வரும் ஓதங்கள் தாழ்ந்துகொண்டே போவதால், அடுத்த அமாவாசை வரை அங்கேயே குடித்தனம் நடத்த வேண்டிவரலாம்.

இப்போது ஓத நேரத்தைக் கைப்பேசி சொல்லிவிடுகிறது. தரைதட்டுமோ என்றால் மோட்டாரை முடுக்கிவிடுகிறார்கள். நீரின் நிறத்தையும் சுழிப்பையும் பார்ப்பவர் குறைவு. அவர்களைவிடவும் டிரெய்லர் சக்கரத்தை மறப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். நெடுஞ்சாலையில் ஓடிவந்த சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். கரைக்கு வந்ததும் வராததுமாக அதைக் குளிர்ந்த கடலில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால்போல் வெளுத்துப் போகும், குண்டுகளில் துரு ஏறும், சில மாதம் கழித்து நடுச்சாலையில் சக்கரம் இறுகி நிற்கும். படகுக்கு வார்னிஷ் பூசப் பணத்தைக் கொட்டுகிறவர்கள், ஒரு டீ குடிக்கும் நேரம் சக்கரத்தை ஆறவிடலாம். படகைத் திரும்ப ஏற்றியதும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவலாம்.