‘விட்டதைப் பிடித்துவிடலாம்’: பல வருடம் கழித்தும் சூது திரும்ப அழைப்பது ஏன்?

2020ஆம் ஆண்டு. கரோனா ஊரடங்கில் இங்கிலாந்து முடங்கிக் கிடந்தது. ஆர்சனல் அணியின் முன்னாள் கால்பந்து நட்சத்திரம் பால் மெர்சன், வீடு வாங்குவதற்கென்று குடும்பம் சேர்த்து வைத்திருந்த முன்பணத்தை எடுத்துப் பந்தயம் கட்டினார். அத்தனையும் போயிற்று. சூது தன்னைப் பிடித்திருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்த சங்கதியும் இல்லை. 1994 நவம்பரிலேயே அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் அவர். சிகிச்சை எடுத்தார், விட்டார், மறுபடி தொட்டார், மறுபடி விட்டார். இப்படியே கால் நூற்றாண்டு ஓடியிருந்தது. வாழ்நாளில் சூதாடித் தொலைத்தது ஏறத்தாழ 70 லட்சம் பவுண்டு என்று 2021ல் பிபிசி ஆவணப்படம் வெளிவந்த சமயத்தில் அவரே சொன்னார்.

“இவ்வளவு பட்டும் புத்தி வரவில்லையா?” நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் திரும்ப விழுந்தவர்களில் பலருக்குப் புத்தி நன்றாகவே வந்திருந்தது. எவ்வளவு தோற்றோம், யாரை ஏமாற்றினோம், எந்த நகை எந்த அடகுக் கடையில் மூழ்கியது என்று தேதியோடு சொல்வார்கள். விழுந்ததற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

பாவ்லோவின் நாயைப் பற்றிப் பள்ளியில் பாதிக் கதையைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஓசை கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறியது என்பது முன்பாதி. ஓசை மட்டும் எழுப்பி உணவு தராமல் விட்டால், சில நாளில் எச்சில் ஊறுவது நின்றுவிடும். பழக்கம் ஒழிந்தது என்று நினைத்து, நாய்க்குக் கொஞ்ச காலம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி ஓசையை எழுப்பினால் எச்சில் மறுபடி ஊறுகிறது! இது பின்பாதி. பழைய பாடம் அழிவதில்லை. புதிய பாடம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் முதல்நாள் இரவு யாரோ சீட்டைக் கலைக்கும் சத்தம், ஐபிஎல் ஆட்டத்தின் கடைசி ஓவர், “உங்கள் கணக்கில் போனஸ் சேர்ந்துள்ளது” என்று வந்து விழும் குறுஞ்செய்தி. ஐந்து வருடம் காசு வைத்து ஆடாதவரையும் இவற்றில் ஏதோ ஒன்று தொட்டுவிடும்.

மருத்துவம் இதை ஏற்றுக்கொள்ளவே வெகுநாள் ஆயிற்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் சூதாட்ட நோய் 1980ல்தான் இடம்பிடித்தது. அப்போது அதை உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறாக வகைப்படுத்தினார்கள். 2013ல் வந்த பதிப்பு அதை மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் பக்கத்தில், அடிமைப் பழக்கங்களின் வரிசையில் வைத்தது. ஒரு வருடம் அறிகுறியே இல்லாமல் இருந்தாலும் அந்தக் கையேடு ‘குணமாகிவிட்டது’ என்று எழுதுவதில்லை. நீடித்த தணிவு நிலை என்றுதான் குறிக்கிறது.

குடியையும் சூதையும் ஒரே வரிசையில் வைத்தாலும் இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இன்னொரு குப்பி குடித்தால் ஈரல் சரியாகிவிடும் என்று எந்தக் குடிகாரரும் நம்புவதில்லை. சூதில் தோற்றவரோ, அந்தக் கடனை அடைக்கும் வழியும் சூதில்தான் இருக்கிறது என்று மனதார நம்புகிறார். “விட்டதைப் பிடிக்கணும்” என்ற இரண்டே சொல்லில் அந்த நம்பிக்கை முழுவதும் அடங்கிவிடுகிறது. நோயே மருந்து வேடம் போட்டுக்கொண்டு வருவதால், திரும்பப் போகிறவருக்குத் தப்புச் செய்கிறோம் என்ற எண்ணம்கூட எழுவதில்லை. குடும்பத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறோம் என்றே தோன்றுகிறது.

ஆய்வும் இதையே காட்டுகிறது. கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹாட்ஜின்ஸும் நடி எல்-குபாலியும், அப்போதுதான் சூதை விட்டிருந்த 101 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2004ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஒரு வருடமும் ஒருமுறைகூட ஆடாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 8 சதவீதம்தான். மறுபடி ஆடியதற்கு மற்றவர்கள் சொன்ன காரணங்களில் முன்னால் நின்றவை இரண்டு: இந்த முறை ஜெயிப்போம் என்ற நம்பிக்கை, பணம் வேண்டும் என்ற நெருக்கடி. சறுக்கல்கள் அதிகம் நடந்தது மாலைக்கு மேல், ஆள் தனியாக உட்கார்ந்து பணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த வேளையில்.

ஜெயிப்போம் என்ற நம்பிக்கைக்கு மூளையும் தூபம் போடுகிறது. 2009ல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கின் குழு, ஸ்லாட் இயந்திரம் போன்ற விளையாட்டை ஆடவிட்டு ஆட்களின் மூளையை ஸ்கேன் செய்தது. ‘அட, ஒரு கட்டத்தில் தவறிவிட்டதே!’ என்ற வகைத் தோல்வியின்போது, வெற்றிக்குத் துடிக்கும் அதே பகுதிகள் துடித்தன. இன்னொரு ஆட்டம் ஆடும் ஆசையும் சில நேரம் கூடியது. கணக்குப்படி தோல்விதான், மூளை அதைப் பாதி வெற்றியாக வரவு வைத்துக்கொள்கிறது. ரம்மியில் ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்திருந்து தோற்ற ஆட்டத்தை வருடக்கணக்கில் நினைவில் வைத்திருப்பவர்களை நமக்கெல்லாம் தெரியும்.

சரி, விழுவது எந்தக் கணத்தில்? இதற்குச் சுவையான பதில் தந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். அவர் விவரிக்கும் ஒரு சூதாட்ட நோயாளி, ஆட்டத்தை நிறுத்தியிருந்த காலத்தில் மனைவியோடு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சியாட்டிலுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். நேர்ச்சாலை வடக்கே போகிறது. மலைப்பக்கம் காட்சி நன்றாக இருக்கும் என்று வண்டி கிழக்கே திரும்பியது. அந்த வழி போய்ச் சேர்ந்த ஊர் ரீனோ, நெவாடாவின் சூதாட்ட நகரம். வந்ததுதான் வந்தோம், நிறுத்திவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. வண்டி நிறுத்தக் கட்டணத்துக்குச் சில்லறை இல்லை. சில்லறை மாற்றப் பக்கத்தில் இருந்த சூதாட்ட விடுதிக்குள் நுழைந்தார். உள்ளே போனவர், அதிர்ஷ்டம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு காசைப் போட்டுப் பார்த்தார். அதோடு நிற்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

சாலை, காட்சி, சில்லறை. தனித்தனியே பார்த்தால் ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த மனிதர் விழுந்தது காசு போட்டபோதல்ல, வண்டியைக் கிழக்கே திருப்பியபோது என்பதுதான் மார்லட்டின் வாதம். நம் ஊரில் இதன் வடிவங்கள் வேறு. “சும்மா ஸ்கோர் பார்க்கத்தான்” என்று செயலியை மறுபடி இறக்குவது, பழைய சகாவுக்கு ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்து அவன் ஆடுவதை வேடிக்கை பார்ப்பது, இலவச ஆட்டம்தானே என்று ரம்மி ஆடிக் கை பழகுவது. 1957ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ அமைப்பு இதில் கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம். பணம் வைத்தாலும் வைக்காவிட்டாலும், தொகை எவ்வளவு சின்னதானாலும், பந்தயம் பந்தயமே என்பது அவர்கள் கணக்கு.

மார்லட் கவனித்த இன்னொன்றும் முக்கியம். நெடுநாள் விலகியிருந்தவர் ஒருமுறை சறுக்கினால், தோற்ற தொகையைவிட மனதில் எழும் பேச்சுதான் அதிகம் கெடுக்கிறது. ‘எல்லாம் போச்சு, நான் திருந்தாத ஜென்மம், இனி எவ்வளவு ஆடினால் என்ன?’ என்ற பேச்சு அது. மூன்று வருட விரதம் ஒரே இரவில் பூஜ்யமாகிவிட்டதாகத் தோன்றும்போது, மிச்சப் பணத்தைக் காப்பாற்றவும் கை வருவதில்லை. ஒரு சறுக்கல் வேறு, முழுதாகத் திரும்புவது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஓர் இரவோ ஒரு வாரமோ இருக்கிறது. அந்த இடைவெளியில் வீட்டில் யாரிடமாவது வாய் திறந்தவர்களுக்கு மீள வழி உண்டு.

திரும்பாமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. அவர்களில் பேர்போனவர் தஸ்தயேவ்ஸ்கி. 1860களில் ஜெர்மனியின் ரூலெட் மேசைகளில் மாட்டிக்கொண்டவர். கடன் நெருக்கடியில், சுருக்கெழுத்தாளர் அன்னாவிடம் 26 நாளில் சொல்லி எழுதவைத்த நாவலின் பெயரே ‘சூதாடி’. 1867ல் அன்னாவையே மணந்தார். அந்த வருடமே பாடன்-பாடனில் அவளுடைய தோடும் கல்யாண மோதிரமும் அடகுக்குப் போயின. இனித் தொடமாட்டேன் என்று எத்தனையோ முறை எழுதினார், எத்தனையோ முறை தொட்டார். 1871 ஏப்ரலில் வீஸ்பாடனில் தோற்றபின் அதே வாக்குறுதியை மனைவிக்கு மறுபடி எழுதினார். இந்த முறை அது 1881ல் அவர் இறக்கும்வரை நிலைத்தது.

எது மாறியது? ஞானோதயம் என்பவர்கள் உண்டு. அதை மறுக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே இருக்கும் இரண்டு உலகியல் உண்மைகளையும் பார்த்தால் போதும். ரஷ்யா திரும்பியபின் கடன்காரர்களோடு பேசுவது, புத்தகம் பதிப்பிப்பது, வரவு செலவு எல்லாம் அன்னாவின் கைக்குப் போயின. 1872 முடிவில் ஜெர்மனியின் சூதாட்ட விடுதிகளைச் சட்டம் மூடிவிட்டது. பிறகு நுரையீரல் சிகிச்சைக்காக அவர் பலமுறை பாட் எம்ஸ் போனபோது, அங்கே ஊற்றுநீர் இருந்தது, ரூலெட் இல்லை.

கையில் பணம் இல்லை, எதிரில் மேசை இல்லை. இன்றைய தடுப்பு முறைகள் எல்லாம் இந்த இரண்டையும் செயற்கையாக உண்டாக்கும் முயற்சிகள்தான். பிரிட்டனில் ‘கேம்ஸ்டாப்’ பட்டியலில் ஒருவர் தன் பெயரைத் தானே பதிந்துகொண்டால், உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளங்கள் அனைத்தும் அவருக்குக் கதவைச் சாத்த வேண்டும். 2020 முதல் இது கட்டாயம். அதே வருடம் கிரெடிட் கார்டில் சூதாடுவதையும் அந்த நாடு தடுத்தது. சிங்கப்பூரில் குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவரைச் சூதாட்ட விடுதியில் நுழையவிடாமல் தடை வாங்க முடியும்.

தமிழ்நாடு 2003ல் லாட்டரியைத் தடைசெய்தபோது, ஒதுங்கியிருப்பது என்றால் கேரள எல்லையில் உள்ள வாளையாறு தாண்டாமல் இருப்பது. கேரள அரசு 1967 முதல் லாட்டரி நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. செல்போன் வந்து அந்த எல்லையை அழித்துவிட்டது. 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மாநிலச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடுக்கப் பார்த்தது. திறமை ஆட்டங்கள் என்று அவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் தடையிலிருந்து விலக்கியது. 2025ல் வந்த விதிகள், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை பணம் கட்டி ஆடக்கூடாது என்றன. நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடுக்கும் மத்திய சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுக்க, பெரிய நிறுவனங்கள் கடையைச் சாத்தின. வெளிநாட்டுத் தளங்களின் இணைப்புகள் மட்டும் டெலிகிராமில் இன்னும் சுற்றுகின்றன. எனவே அரசின் பூட்டு மட்டும் போதாது. வீட்டுப் பூட்டும் வேண்டும்.

அதை மனம் அமைதியாக இருக்கும்போதே போட வேண்டும். ஆசை எழுந்தபின் யாரும் பூட்டைத் தேடுவதில்லை. வங்கிக் கார்டில் இணையப் பரிவர்த்தனையை நிறுத்திவைக்க வசதி உண்டு. யுபிஐ வரம்பைக் குறைக்கலாம். சம்பளக் கணக்கை மனைவியோ அண்ணனோ பார்க்கும்படி வைக்கலாம். போனஸ், நிலம் விற்ற பணம், ஏலச்சீட்டு எடுத்த பணம் என்று மொத்தமாகக் கைக்கு வரும் நாட்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மாமனார் நிலத்தை விற்று மருமகனின் கடனை ஒரே மூச்சில் அடைத்துவிடும் நம் ஊர்ப் பாசம் இதில் உதவுவதில்லை. மருமகனே தவணையில் அடைப்பதுதான் நல்லது. ஆசையின் வேகமும் அலைபோல ஏறி இறங்கக்கூடியது. பெரும்பாலும் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் தணியும். அந்த அரை மணியைத் தனியாக, கையில் போனோடு கழிக்கக்கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: சில மருந்துகளும் இந்த ஆசையைத் தூண்டும். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், மனநோய்க்குத் தரும் அரிப்பிப்ரசோல் ஆகியவை அப்படிப்பட்டவை. இரண்டாவதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016ல் எச்சரித்தது. முன்பு சூதாடிய பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது.

சறுக்கியவர் 2025 மத்திய சட்டத்துக்குப் பயந்து ஒளியத் தேவையில்லை. அதன் தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிவர்த்தனைக்கு உதவுபவருக்கும்தான், ஆடியவருக்கு இல்லை. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆடியவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, அவருடைய மனைவியோ அம்மாவோ அழைத்தாலும் பேசுவார்கள்.