ஜாகுவார் ஈ-டைப்பா, போர்ஷே 911-ஆ? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறவங்க எங்கே ஏமாறுறாங்க?

நின்னு பார்த்துக்கிட்டே இருக்கத் தோணும் கார் ஒண்ணு. ஓட்டினா இறங்க மனசு வராத கார் இன்னொண்ணு. 1960-களின் ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடையே இன்னும் முடியாத சண்டை இது. இரண்டில் எதை வாங்கலாம்? பார்க்கலாம் வாங்க.

அழகுன்னா ஈ-டைப்

இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஈ-டைப்பை அறிமுகம் செய்தது. 3.8 லிட்டர் எஞ்சின், 265 குதிரைத்திறன், மணிக்கு சுமார் 240 கி.மீ. வேகம். விலையோ 2,000 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்தான். இதே வேகத்தில் போகும் ஆஸ்டன் மார்ட்டின், ஃபெராரி வாங்க அதைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் எண்ணி வைக்கணும். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் ஒரு ஈ-டைப்பை தன் சேகரிப்பிலேயே வைத்திருக்கிறது.

பிடிவாதக்கார 911

1963-ல் பிராங்பர்ட்டில் காட்டப்பட்டபோது இதன் பெயர் 901. நடுவில் பூஜ்ஜியம் வரும் மூன்று இலக்கப் பெயர் எங்களுடையது என்று பிரான்ஸின் பியூஜோ மல்லுக்கு நின்றதால் 911 ஆனது. 2 லிட்டர், 130 குதிரைத்திறன்; ஜாகுவாரில் பாதிதான். எஞ்சின் பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும். காற்றிலேயே குளிர்வதால் ரேடியேட்டரே கிடையாது.

அதில்தான் சிக்கலும். வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். இதைச் சமாளிக்க முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். (ஜெர்மன் பொறியாளர்களும் இப்படித்தான் ஒப்பேத்தியிருக்காங்க!) 1969 மாடலில் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 57 மி.மீ. கூட்டிய பிறகுதான் கார் கொஞ்சம் அடங்கியது.

எந்த வருஷம்?

ஈ-டைப்பில் 1964 முதல் 1967 வரை வந்த 4.2 லிட்டர் கார் நல்ல சாய்ஸ். பழைய அழகு அப்படியே இருக்கும்; கியர் பாக்ஸ், சீட் இரண்டும் 3.8-ஐ விட மேல். அதற்குப் பிறகு அமெரிக்க விதிகளுக்காக ஹெட்லைட் மேல் இருந்த கண்ணாடி மூடி போய்விட்டது. ரசிகர்களுக்கு இன்னும் அந்த வருத்தம் தீரலை.

ஆனா ரிப்பேர்னு வந்தா? ஈ-டைப்பின் பின் டிஸ்க் பிரேக், சக்கரத்தில் இல்லை. நடுவில் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கும். முழு வேலைன்னா பின்பக்க அமைப்பையே கீழே இறக்கணும். கிளட்ச் மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்கணும். 911-லும் எடுக்கணும்தான், ஆனா கீழ்வழியாகச் சுலபமா இறக்கிடலாம். வாரா வாரம் ஓட்ட ஆசைப்படுறவங்களுக்கு என் ஓட்டு 911-க்குத்தான்.

பணம் போகிற இடம்

இரண்டுக்கும் பொது எதிரி துரு. 911 பாடிக்கு முழுமையான துத்தநாகப் பூச்சு வந்ததே 1976 மாடலில்தான். பளபளக்கும் புது பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்க.

இன்னொன்று போலி. 1973 கரேரா ஆர்எஸ் 2.7 மொத்தமே 1,580 கார்கள்தான். சாதாரண 911-க்கு அதே மாதிரி வாத்து வால் ஸ்பாய்லர் மாட்டி, ஆர்எஸ் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. விலை வித்தியாசம் பல மடங்கு. அதனால் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் தொழிற்சாலைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்க. ஜாகுவாருக்கு இதற்கென்றே ஹெரிடேஜ் சான்றிதழ் கிடைக்கும். கார் எந்த எஞ்சினோடு, எந்த நிறத்தில் வெளியே வந்தது என்பது வரை அதில் இருக்கும்.